முடிவை வினி சொல்லுவாள்

உடுப்பிட்டி
14.02.1993

அன்புள்ள மியூரியல் அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் அம்மாவும் அண்ணையும் நானும் குறையில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படி இருக்க வேண்டும் என்று மாலை ஜெபத்தில் தினமும் உங்கள் பெயரைச் சொல்கிறோம். அம்மாவின் கண் முந்தியதைவிட மங்கல். விளக்கைப் பார்த்தால் சுடரைச் சுற்றி வட்டம் தெரிகிறதாம். அதனால் உங்கள் கடிதத்தை இந்த முறையும் நான்தான் உரத்து வாசித்தேன். பக்கத்து வீட்டு இரத்தினம்மா மாமியும் வந்து குந்திவிட்டா.

பள்ளிக்கூடத்தில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைக்கும். அதற்குப் பயந்துதான் நான் படிப்பை விட்டேன் என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் நீங்கள் ரீவியில் வெள்ளைக்காரப் படம் பார்த்து, முடிவை மட்டும் விட்டு எழுதும் கதைகளை வாசிக்கும்போது அந்த அடைப்பு வருவதில்லை.

சரி, கொலைக்கு வருகிறேன். பெரியவரைக் கொன்றது மருமகன். மழை தொடங்க முதலே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று அவன் சொன்னான். ஆனால் அவனுடைய குடை விறாந்தையில் விரித்தபடி கிடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நனையாத குடையை எதற்குக் காயவிடுகிறான்? மாமி கடைசிவரை "சமையல்காரன்தான்" என்று நின்றா. எல்லாக் கதையிலும் அவவுக்குச் சமையல்காரன்தான். "சமைக்கிற ஆம்பிளையளை நம்பக்கூடாது பிள்ளை" என்கிறா. அதற்கு அம்மா, "அப்ப உன்ரை மனுசனை நம்பலாம், அந்தாள் அடுப்படி எந்தப் பக்கம் எண்டே அறியாது" என்றா.

முக்கியமான செய்தி. ஊரை விட்டு வெளிக்கிட அண்ணைக்குப் பாஸ் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை வெளிக்கிட்டு, கிளாலியில் வள்ளம் ஏறிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்கு வருகிறார். அம்மாவுக்கு மனமில்லை. இருந்தாலும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் கட்டி வைத்துவிட்டா. சீனி போட்ட தேத்தண்ணி அண்ணைக்கு இறங்காதே. சட்டைப் பையில் கடித்துக் குடிக்க ஒரு துண்டுப் பனங்கட்டி இல்லாமல் படலையைத் தாண்டமாட்டார். கொழும்பில் ஆரும் சிரித்தால் கோபிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த கொலைக்குக் காத்திருக்கும்,
தங்கச்சி வினிபிரட்


வெள்ளவத்தை
11.03.1993

என் அன்புத் தங்கச்சி வினிக்கு,

கடவுள் காப்பில் நான் சுகம். தம்பி பத்திரமாய் வந்து சேர்ந்தான் என்று அம்மாவிடம் முதலில் சொல்லு. நான் இருக்கிற வீட்டில் பெண்பிள்ளைகளை மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் அவனுக்குக் கிட்டடியில் ஒரு லொட்ஜில் அறை எடுத்திருக்கிறது. வடக்கில் இருந்து வருகிறவர்கள் பதிய வேண்டும் என்பதால் பொலிஸிலும் பதிந்தாயிற்று. சனிக்கிழமைகளில் இங்கே வந்து வீட்டுக்கார கிறகோரி அங்கிளோடு ரீவி பார்க்கிறான். பார்க்கிறான் என்ன, கொலை விழுந்த உடனே கதிரையில் நித்திரையாகிவிடுவான். கொலைகாரன் பிடிபட்ட பிறகு எழும்பி, "ஆராம்?" என்று கேட்பான். அங்கிள் வேண்டுமென்றே பிழையான ஆளைச் சொல்லிவிடுவார்.

மருமகன்தான். நீ சொன்னது சரி. எனக்குப் படம் முடியும்வரை தெரியவில்லை. நீ படத்தையே பார்க்காமல் பிடித்துவிட்டாய்.

போன கிழமைக் கதை இது. பணக்காரக் கிழவி ஒருத்தி விழுந்து செத்துக் கிடக்கிறா. வீட்டில் அவவின் தங்கச்சி, தோட்டக்காரன், துணைக்கு இருக்கும் பெண், மூன்றுபேர். தங்கச்சி மெழுகுதிரி வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருந்தாளாம். தோட்டக்காரன் பூங்கன்றுகளுக்குச் சாக்குப் போர்த்தப் போனானாம். துணைப் பெண் மேல்மாடியில் றேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். வெளியே புயல். ஆர்? முடிவை வினி சொல்லுவாள்.

தம்பி இரண்டு வரி எழுத வேண்டுமாம்.

மாறாத அன்புடன்,
மியூரியல்

வினி, நான் சுகம். அம்மாவின்ரை கட்டி முடியப் போகுது, ஆரும் வந்தால் குடுத்துவிடு. அங்கிள் வீட்டிலை நித்திரை கொள்ள நல்ல கதிரை இருக்கு. ஏர்னெஸ்ட்.


உடுப்பிட்டி
04.04.1993

அன்புள்ள அக்காவுக்கும் அண்ணைக்கும்,

கப்பலில் வந்த தபாலில் உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் இரண்டுபேரும் ஒரே ஊரில் இருக்கிறீர்கள் என்றதில் அம்மாவுக்கு ஒரு தென்பு. அண்ணையின் இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னா.

துணைப் பெண்தான் அக்கா. புயலில் கரண்ட் நின்றுவிட்டது. அதனால்தான் தங்கச்சி மெழுகுதிரி கொளுத்தினாள். கரண்ட் இல்லாத வீட்டில் றேடியோ எப்படிப் பாடும்? வருசக்கணக்காகக் கரண்டைக் காணாத எங்களுக்கு இதை ஆரும் சொல்லித்தர வேண்டுமா! ஆனால் மாமி விடவில்லை. "எங்களைப்போலை சைக்கிளைக் கவிட்டு டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டிருப்பாள்" என்றா. மேல்மாடியில் சைக்கிள் ஏது மாமி என்றேன். "பணக்கார வீடுதானே, இருக்கும்" என்றா. அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனா.

பரமலிங்கம் அண்ணையின் சைக்கிள் கடையில் இருந்த துப்பறியும் நாவல்கள் எல்லாம் முடிந்துவிட்டன. இந்தியாவில் இருந்து புதிது வருவதில்லை. படித்ததையே படிக்கிறேன். தெரிந்த கொலைகாரன் என்றால் பயமில்லை. எந்தப் பக்கத்தில் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்று தெரியும்.

ஒன்று யோசித்தேன். எல்லாக் கதையிலும் கடைசியில் துப்பறிகிறவர் எல்லோரையும் ஒரு அறைக்குக் கூப்பிடுகிறார். எல்லோரும் வந்து கதிரைகளில் இருக்கிறார்கள். அவர் கேட்கிறார், அவர்கள் பதில் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் கூப்பிட்டால் ஆர் வருவினம்? ஆர் பதில் சொல்லுவினம்?

கட்டி ஆரிடமாவது தந்துவிடுகிறோம்.

உங்கள் வினி


உடுப்பிட்டி
30.05.1993

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்களைச் சுகத்தோடு சந்திக்க வேண்டும் என்பதுதான் எங்கள் மூன்றுபேருடைய மன்றாட்டு. மூன்றாவது ஆள் மாமி, அவ தன்னுடைய பிள்ளையாருக்குச் சொல்கிறா.

இரண்டு தபாலில் உங்கள் கடிதம் இல்லை. மாதத் தொடக்கத்தில் கொழும்பில் ஜனாதிபதி குண்டுவெடிப்பில் செத்ததை றேடியோவில் கேட்டோம். அதற்குப் பிறகு அங்கே எங்கள் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று கதை. தபால்காரர் எங்கள் ஒழுங்கையால் போனால் அம்மா சைக்கிள் மணியை வைத்துக் கண்டுபிடிக்கிறா. மணி நிற்காமல் போனால் திரும்ப அடுப்படிக்குப் போய்விடுகிறா.

கதை எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. சுகம் என்று மட்டும் எழுதுங்கள். அண்ணையையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

வினி


வெள்ளவத்தை
17.06.1993

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் மன்றாட்டால் சுகம். வேலை கூட, அதனால்தான் எழுதவில்லை. தம்பி சுகம். வேலை தேடி அலைகிறான். எழுத நேரமில்லாமல் இருக்கிறான். அம்மா யோசிக்க வேண்டாம்.

ரீவியில் ஒரு புதுக் கதை போகிறது. இது ஒரே கிழமையில் முடிகிறது இல்லை, தொடராக வருகிறது. ஒரு பெரிய நகரம். வெளியூர்ப் பையன் ஒருவன் லொட்ஜில் இருக்கிறான். ஒருநாள் காலையில் தேத்தண்ணி குடிக்கப் போகிறான். அறையைப் பூட்டவும் இல்லை. கொடியில் துவாய் காய்கிறது. அவன் திரும்பி வரவில்லை.

அவனைத் தேடுவது துப்பறிகிறவர் இல்லை. சாதாரணமான ஒரு பெண். லொட்ஜ் முதலாளி, "வாறவை போறவையை நான் எண்ணுறேல்லை" என்கிறான். தேத்தண்ணிக் கடைக்காரன் ஒருவனுக்குத்தான் ஞாபகம். அந்தப் பையன் எந்த நாளும் சீனி போடாத வெறும் தேத்தண்ணி கேட்பானாம். சட்டைப் பையில் இருந்து எடுத்து எதையோ கடித்துக்கொண்டு குடிப்பானாம். அன்றைக்கும் அப்படித்தான் நின்றானாம். ஒரு ஜீப் வந்து நின்றதாம். பாதித் தேத்தண்ணி கோப்பையில் மிச்சம். எந்த ஜீப், எங்கே போனது என்று கேட்டால் அவன் கோப்பையைக் கழுவத் தொடங்கிவிடுகிறான்.

அந்தப் பெண் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராகப் போகிறாள். எல்லா இடத்திலும் "எங்களிட்டை இல்லை" என்கிறார்கள். இவ்வளவுதான் இதுவரை காட்டினார்கள். கிறகோரி அங்கிளுக்கும் முடிவு தெரியாது.

முடிவை வினி சொல்லுவாள்.

மியூரியல்


உடுப்பிட்டி
15.07.1993

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு எல்லோருக்கும் ஆறுதல். அம்மாவுக்கு இரண்டு நாள் தடிமனும் தும்மலும், இப்போது சுகம். அண்ணை வேலை தேடி வெயிலில் அலைய வேண்டாமாம்.

புதுக் கதையை வாசித்தேன். மாமி இந்த முறை சமையல்காரனை விட்டுவிட்டா. "உவன் ஒரு பெட்டையோடை ஓடியிருப்பான். வெள்ளைக்காரங்களுக்கு உதெல்லாம் பெரிய வேலையே?" என்றா. அம்மா ஒருநாளும் கதைக்கு நடுவில் கேள்வி கேட்பதில்லை. இந்த முறை, "அந்தப் பொடியன்ரை தாய் எங்கையாம்?" என்று கேட்டா. அக்கா எழுதவில்லை என்றேன். "தாயில்லாமல் ஒரு கதையோ" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனா.

எனக்கு இன்னும் முடிவு பிடிபடவில்லை. இன்னும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வினி


உடுப்பிட்டி
15.07.1993

அக்கா,

தபாலில் போடுகிற கடிதம் வேறு. இதைச் செபநாயகம் மாஸ்டரிடம் தனியாகத் தந்துவிடுகிறேன். ஓய்வூதிய அலுவலாகக் கொழும்புக்கு வருகிறார். அம்மாவுக்குத் தெரியாது.

எந்த வெள்ளைக்காரன் அக்கா சட்டைப் பையில் இருந்து கட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறான்? உங்கள் ரீவியில் அவர்கள் பாலும் சீனியும் போட்டுத்தான் குடிப்பார்கள் என்று எத்தனை கதையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு வந்தபோது எனக்குப் பழைய தொண்டை அடைப்பு வந்தது. இருமுவதுபோல இருமிவிட்டு மிச்சத்தை வாசித்தேன். மாமி தண்ணீர் கொண்டுவந்து தந்தா.

அண்ணையை எப்போது பிடித்தார்கள்?

வினி


வெள்ளவத்தை
09.08.1993

வினி,

மாஸ்டர் ஊருக்குத் திரும்பி வருகிறார், இதை அவரிடம் தந்துவிடுகிறேன். தனியாக இருந்து வாசி.

மே மாதம் இரண்டாம் கிழமை. நான் லொட்ஜுக்குப் போனபோது துவாய் இன்னும் ஈரமாக இருந்தது. அன்று முதல் ஏறி இறங்காத பொலிஸ் இல்லை. ஒரு இடத்தில் பெயரைக் கேட்டுவிட்டு உள்ளே போய் வந்து இல்லை என்றார்கள். ஏன் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். உன்னைப்போல எனக்கு அதில் இருந்து ஒன்றும் பிடிக்கத் தெரியவில்லை.

நேரே எழுத என்னால் முடியவில்லை. எங்கள் கடிதங்களை இடையில் ஆரும் உடைத்துப் பார்ப்பார்கள். பார்க்காவிட்டாலும் நீ அதை அம்மாவுக்கும் மாமிக்கும் முன்னால் உரத்து வாசிக்க வேண்டும். நீ கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்து எழுதினேனா, கண்டுபிடிக்கக் கூடாது என்று எழுதினேனா, எனக்கே தெரியாது.

ஒரு லோயரைப் பிடித்திருக்கிறேன். தமக்கை சொன்னால் முறைப்பாட்டை எழுதிவிட்டு ஆளை அனுப்பிவிடுவார்கள், பெற்ற தாய் வந்து கையெழுத்து வைத்தால்தான் மேலிடத்துக்கு அனுப்புவார்கள் என்கிறார். நாள் போகப் போகக் கஷ்டமாம். அம்மா வரவேண்டும் வினி. அந்தக் கண்ணோடு, அந்தக் கடலால். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். கெதியாய்ச் சொல்லு.

அக்கா


உடுப்பிட்டி
02.09.1993

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவே கொண்டுவருகிறா. அவவின் சுகத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தவுடன் நான் சொல்லவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள், "அம்மா, அண்ணைக்கு..." என்று தொடங்கினேன். "அண்ணைக்கு என்ன?" என்று உடனே கேட்டா. "சட்டை தைக்க வேணுமாம்" என்று வாயில் வந்தது. அம்மா போய் அலுமாரியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி, "இது நீலமோ பிள்ளை, அவனுக்கு நீலம்தான் எடுக்கும்" என்று கேட்டுக்கொண்டு நின்றா. ஓம் என்றேன். அது பச்சை.

போன ஞாயிறு மாமி காய்ச்சலில் வரவில்லை. ஜெபம் முடிய, உங்கள் பழைய கடிதம் ஒன்றை எடுத்து, அக்காவின் கதை வந்திருக்கிறது என்று சொல்லி வாசித்தேன். அதில் இல்லாததை வாசித்தேன்.

"அந்தப் பெண் ஒரு லோயரிடம் போனாள். பெற்ற தாய் வந்து சொன்னால்தான் விசாரிப்பார்கள் என்று அவர் சொன்னார்."

"அப்ப தாயைக் கூப்பிட வேண்டியதுதானே" என்றா அம்மா.

"தாய் தூரத்திலை அம்மா. கடல் கடந்து வரவேணும். அவவுக்குக் கண்ணும் வடிவாய்த் தெரியாது."

அம்மா என் பக்கம் காதைச் சாய்த்தா. பிறகு, "கடுதாசியைத் திருப்புற சத்தமே கேக்கேல்லையே பிள்ளை. இவ்வளவும் ஒரு பக்கத்திலையோ கிடக்குது?" என்றா.

நான் கடிதத்தை மடித்தேன்.

"ஏர்னெஸ்டை எப்ப கொண்டுபோனவங்கள்?"

"அம்மா, உங்களுக்கு எப்பிடி..."

"அந்தக் கதையிலை தேத்தண்ணிக் கடை வரேக்கையே தெரியும். மாமி இருந்தாள், கேக்கேல்லை. நீ சொல்லுவாய் சொல்லுவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்."

அக்கா, அவ எனக்காகக் காத்திருந்திருக்கிறா. நான் அவவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லாமல் வீணாக்கிய அந்த நாட்கள் எல்லாம் அண்ணையின் நாட்கள்.

அடுத்த நாளே பாஸுக்கு எழுதிக் கொடுத்தோம். வயது போன ஆள், கண் வைத்தியம் என்று அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை. என் வயதுப் பிள்ளைகளை இயக்கம் வெளியே விடாது. மாஸ்டர் திரும்பவும் கொழும்புக்கு வருகிறார், மனுசி அருமைநாயகி அக்காவும் அவரோடு வருகிறா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னா. ஊருக்கும் மாமிக்கும் கண் ஒப்பரேசன் என்றுதான் சொல்லியிருக்கிறோம். "தெரிஞ்சால் வந்து ஒப்பாரி வைப்பினம். இது செத்தவீடு இல்லை" என்றா அம்மா.

படி இறங்கும்போது படி என்று சொல்லுங்கள். ஏறும்போதும் சொல்லுங்கள். மனிசருக்கு முன்னால் கண் தெரியாததுபோல காட்டிக்கொள்ளமாட்டா, அதை நம்ப வேண்டாம். நான் மாமி வீட்டில் இருப்பேன்.

வினி


வெள்ளவத்தை
10.10.1993

அன்பு வினி,

அம்மா வந்து சேர்ந்தா. நனைந்து, களைத்து, ஆனால் சுகமாய். நீ எப்படிச் சாப்பிடுகிறாய் என்றுதான் முதல் கேள்வி.

கையெழுத்து வைத்தாயிற்று. "பார்ப்போம்" என்றார்கள். முன்பு எனக்கு "இல்லை" என்றவர்கள். லோயர் இது நல்லது என்கிறார். அம்மா தினமும் என்னோடு வந்து அந்தக் கந்தோர் வாசலில் இருக்கிறா. உள்ளே இருந்து ஆரும் நடந்து வந்தால் சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தலையை நிமிர்த்துகிறா. வேறும் தாய்மார் இருக்கிறார்கள். மலைநாட்டில் இருந்து வந்த ஒருத்திக்கும் அம்மாவுக்கும் நல்ல ஒட்டு.

கண்ணைக் காட்ட இங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, காட்டுவோம் என்றேன். "அவன் வரட்டும், பிறகு பார்ப்பம்" என்றா. தம்பி இல்லாமல் ஊருக்குத் திரும்பமாட்டாவாம்.

கிறகோரி அங்கிள் அம்மா வந்த நாளில் இருந்து சனிக்கிழமைகளில் ரீவி போடுவதில்லை. எனக்கும் எழுதக் கதை ஒன்றும் இல்லை.

கவனமாய் இரு.

மியூரியல்


உடுப்பிட்டி
21.11.1993

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். மாமி தன் பிள்ளைபோல வைத்திருக்கிறா. மழை தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்குத் தினமும் போய்க் கூட்டிவிட்டு, ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்துவிட்டு வருகிறேன். இங்கே சண்டை கடுமையாக நடந்தது. அதனால் தபாலும் இல்லை. உங்கள் ஒக்டோபர்க் கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை. நடந்ததை நீங்கள் எழுதி அது வரவில்லையா, எழுத ஒன்றும் நடக்கவில்லையா என்று தெரியாமல் இருக்கிறேன். இதில் எது நல்லது என்றும் தெரியவில்லை.

நேற்றுப் பின்னேரம் மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. திடீரென்று, "அந்தக் கதை என்ன மாதிரிப் பிள்ளை? லொட்ஜிலை இருந்து துலைஞ்ச பொடியன். அக்கா முடிவு எழுதினவளோ?" என்று கேட்டா.

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

"என்னவாம்?"

"பொடியன் வந்திட்டான் மாமி. ஒருநாள் விடியத் தானே நடந்து வந்திட்டானாம்."

"உயிரோடையோ?"

"உயிரோடைதான்."

"அப்பாடி" என்றா மாமி. சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா. "நான் அவன் பெட்டையோடை ஓடினவன் எண்டெல்லே பழி சொன்னன். தாய் என்ன பாடு பட்டிருப்பாள்." பிறகு சுளகைத் திரும்ப எடுத்தா. இரண்டு தரம் புடைத்துவிட்டு நிறுத்தி என்னைப் பார்த்தா.

"அப்ப இவ்வளவு நாளும் அவன் எங்கை இருந்தவனாம்?"

அக்கா, நான் வாயைத் திறந்தேன். ஏதாவது ஒரு இடத்தின் பெயரைச் சொன்னால் போதும், மாமி நம்பியிருப்பா. நான் படித்த புத்தகங்களில் எத்தனை வீடு, எத்தனை அறை, எத்தனை பூட்டின கதவு. ஒன்றுகூட வரவில்லை. மாமி சுளகைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தா.

வினி